ஆறு பென்ஸ் அரண்மனை

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்தைக் கடந்து ரயில் மேற்கு நோக்கித் திரும்பியதும், அதுவரை ஜன்னலோரமாக உடன் வந்துகொண்டிருந்த பஞ்சாலைச் சுவர்களும் செங்கல் புகைபோக்கிகளும் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, மேடு பள்ளமற்ற பசும்புல் வெளி கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கிறது. ஃபைல்ட் என்று இந்தச் சமவெளிக்குப் பெயர். ஒரு காலத்தில் காற்றாலைகள் மலிந்திருந்த பூமி. இன்றைக்கு மேய்கிற மாடுகளையும், கடற்காற்றின் பலத்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரங்களையும் தவிரப் பார்ப்பதற்கு அதிகமில்லை. ஆயினும் பெட்டியிலிருந்த பிரயாணிகளில் பலர், படித்துக்கொண்டிருந்ததை மடித்து வைத்துவிட்டு, யாரையோ எதிர்பார்ப்பவர்கள் போல வெளியே பார்க்கத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் எங்கிருந்தோ ஒரு குழந்தை கூவிற்று. தொடுவானத்தில் மெல்லிய கோடாகப் பிளாக்பூல் கோபுரத்தின் சிகரம் தெரிந்தது.

முதலில் கோபுரத்தைக் காண்கிற பிள்ளைக்கு ஒரு பென்னி இனாம் கொடுப்பது லங்காஷயர்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். சிதம்பரத்துக்கு ஆருத்திரா தரிசனம் காண ரயிலேறிய நம் பாட்டிமார், கோபுரம் கண்ணில் பட்ட மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அருகில் அரைத்தூக்கத்திலிருக்கும் பேரனையும் எழுப்பிக் கைகூப்பச் சொல்லுவார்களே, அந்தப் பரபரப்புக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. இந்தக் கோபுரத்தின் அடியில் மூலஸ்தானத்தில் இருப்பது சர்க்கஸும் நடன சாலையும் என்பதுதான் விசேஷம்.

பிளாக்பூலுக்கு ரயில் வந்தது 1846-ல். அதற்கு முன் ஐரிஷ் கடலோரத்தில், உப்பு நீரில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று வைத்தியர்கள் சொன்னதை நம்பி வந்த சில கனவான்களுக்கு மட்டும் தெரிந்த சிறு கிராமமாக அது இருந்தது. ரயில் வந்தபின் பஞ்சாலைத் தொழிலாளிகள் வந்தார்கள். லங்காஷயரின் ஆலை நகரங்களில் ‘வேக்ஸ் வாரம்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஆதியில் அது மாதா கோயில் உற்சவம். நாளடைவில், வருஷத்தில் ஒரு வாரம் ஊரிலுள்ள ஆலைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் இயந்திரங்களை நிறுத்தி, கொதிகலன்களைச் சுத்தம் செய்துகொள்ளும் விடுமுறையாக மாறிப்போயிற்று. போல்ட்டனுக்கு ஒரு வாரம், ஓல்டாமுக்கு ஒரு வாரம், பர்ன்லிக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொண்டு, முழு ஊரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிளாக்பூலுக்குக் கிளம்பிவிடும். ஆகவே எந்த அண்டை வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வாரமாவது தப்பலாம் என்று எண்ணி ஒருவர் வந்தாரோ, அதே அண்டை வீட்டுக்காரர் மணலில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த வாரத்துக்குச் சம்பளமும் கிடையாது. சம்பளத்துடன் கூடிய விடுமுறையை ஊக்குவிக்கும் சட்டம் 1938-ல்தான் வந்தது. அதுவரை, வாரந்தோறும் சேமிப்புச் சங்கத்தில் கட்டிவந்த சில்லறைதான் மூலதனம். தங்கும் விடுதிக்காரிக்கு அறை வாடகை கொடுத்துவிட்டு, இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் தாங்களே வாங்கிக்கொண்டுபோய்ச் சமைத்துத் தரச் சொல்லுவார்களாம். மேஜைமீதுள்ள உப்பு, மிளகுப் புட்டிகளை உபயோகித்ததற்காக அந்த விடுதிக்காரிகள் தனிக்கட்டணம் வசூலித்தார்கள் என்பது லங்காஷயர் விகடர்களின் தீராத ஹாஸ்யம்.

இப்படிச் சில்லறையோடு வருகிற ஜனங்களுக்காக ஓர் அரண்மனை கட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்றிற்று. ஜான் பிக்கர்ஸ்டாஃப் என்பவர் இவ்வூர் மேயர். 1889-ல் பாரிஸ் பொருட்காட்சிக்குப் போய் ஈஃபல் கோபுரத்தைக் கண்டு பிரமித்துத் திரும்பியவர், அதைப்போல் ஒன்று தம் ஊரிலும் வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டார். மான்செஸ்டரைச் சேர்ந்த மாக்ஸ்வெல், ட்யூக் என்ற இரண்டு சிற்பிகள் திட்டம் வகுத்தார்கள். வேலை முடிவதைப் பார்க்க இருவருமே உயிரோடு இல்லை. 1894 மே 14-ம் தேதி கோபுரம் திறக்கப்பட்டது. உயரம் 518 அடி 9 அங்குலம். ஈஃபலின் உயரத்தில் ஏறக்குறைய பாதி. பாரிஸ்காரர்கள் இதைக் கண்டு பரிகசிக்கலாம். ஆனால் ஈஃபல் கோபுரத்தின் காலடியில் திறந்த வெளிதான் இருக்கிறது. பிக்கர்ஸ்டாஃபோ தம் கோபுரத்தின் நான்கு கால்களையும் சுற்றிச் செங்கல் மாளிகையை எழுப்பி, அதற்குள் சர்க்கஸ், மீன் காட்சிச் சாலை, மிருகசாலை, நடன மண்டபம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். மழை அதிகமாகப் பெய்கிற கடற்கரையில் வியாபாரம் செய்ய வந்தவருடைய புத்திசாலித்தனம் அது. உள்ளே நுழைய ஆறு பென்ஸ், மின்தூக்கியில் ஏற இன்னும் ஆறு பென்ஸ், சர்க்கஸுக்கு மற்றோர் ஆறு பென்ஸ். ஆக ஒன்றரை ஷில்லிங்கில் ஒரு நெசவுக்காரி நாள் முழுவதும் ராஜகுமாரியாக இருக்கலாம்.

கோபுரத்தின் எதிரே, சமுத்திரத்துக்கும் சாலைக்கும் நடுவே, கருங்கல்லும் கான்கிரீட்டுமாக ஒரு பெரிய ‘கம்பளம்’ விரித்திருக்கிறார்கள். 2011-ல் அமைத்தது. பிளாக்பூல் மேடைகளிலும் மற்ற இடங்களிலும் ஜனங்களைச் சிரிக்க வைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விகடர்களின் பெயர்களும், அவர்கள் வழக்கமாகச் சொல்லுகிற வேடிக்கை வாசகங்களும், சிறியவும் பெரியவுமான பல வர்ண எழுத்துக்களில் தரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவற்றின்மேல் ஓடுகிறார்கள். தாத்தாமார்கள் காலடியில் படித்துக்கொண்டே நடந்து, திடீரென்று நின்று, தமக்குத்தாமே சிரித்துக்கொள்ளுகிறார்கள். காலில் காகிதம் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழக்கப்பட்ட எனக்கு, எழுத்தின்மேல், அதிலும் ஒரு கலைஞனுடைய பெயரின்மேல், கால் வைக்க மனம் துணியவில்லை. எழுத்துக்களுக்கு நடுவேயுள்ள வெண்மையான இடங்களாகப் பார்த்துத் தாண்டித் தாண்டிச் சென்றேன். அதைக் கண்டு ஒரு சிறுவன் இதுவும் ஒரு விளையாட்டு என்று எண்ணி என் பின்னாலேயே தாண்டிக்கொண்டு வந்தான்.

முதலில் சர்க்கஸ். கோபுரத்தின் நான்கு பிரம்மாண்டமான கால்களுக்கு நடுவிலேயே அதன் வட்டரங்கம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது. உள்ளே போய் ஆசனத்தில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தால், பொன் முலாமும் வர்ணமும் பூசிய அராபிய பாணி வளைவுகளுக்கிடையே, நான்கு மூலைகளிலும் அந்தக் கால்கள் இறங்கி நிற்பது தெரிகிறது. தலைக்குமேல் இத்தனை ஆயிரம் டன் எஃகு நிற்கிறதே என்ற எண்ணம் ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. இந்த அலங்காரம் 1900-ல் ஃபிராங்க் மாச்சம் செய்தது. அக்காலத்து இங்கிலாந்தின் நாடக சாலைகளில் பாதி அவருடைய கைவண்ணமோ என்று நினைக்கும்படி ஊருக்கு ஊர் அவர் பெயர் கேட்கிறது. காட்சியின் முடிவில் நடக்கும் விநோதம் வேறு. வித்தைக்காரர்கள் ஓடியாடிய தரை அப்படியே கீழே அமிழ்கிறது. நான்கு பக்கங்களிலிருந்தும் ஜலம் பாய்ந்து, ஒரு நிமிஷம் ஆவதற்குள் நாலரை அடி ஆழமுள்ள தடாகமாகிவிடுகிறது. 42,000 காலன் ஜலம். இவ்வாறு மூழ்குகிற அரங்கங்கள் உலகத்தில் நாலைந்துக்கு மேல் இப்போது மிச்சமில்லை.

சார்லி கைரோலி என்னும் கோமாளி 1939-ல் இங்கே வந்து, 1979 வரையில் வருஷந்தோறும் இந்த வட்டத்துக்குள்ளேயே உருண்டு புரண்டு ஜனங்களைச் சிரிக்க வைத்தார். மிலானில் பிறந்தவர். ஜெர்மனியில் ஆடியபோது ஹிட்லர் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தானென்றும், யுத்தம் மூண்ட செய்தி கேட்டதும் அவர் வடக்குக் கடற்பாலத்தின் நுனிவரை நடந்துபோய் அதைக் கடலில் வீசி எறிந்தாரென்றும் இவ்வூரார் சொல்லுகிறார்கள். யானைகளைப் பற்றியும் சொல்லுகிறார்கள். சர்க்கஸ் யானைகளை எதிரேயுள்ள கடலுக்கு ஓட்டிச் சென்று குளிப்பாட்டுவது வழக்கமாம். பழைய புகைப்படங்களில், தொப்பியணிந்த கனவான்களும் முழங்கால்வரை பாவாடையைத் தூக்கிப் பிடித்த மாதர்களும் வேடிக்கை பார்க்க, அந்தக் குளிர்ந்த சாம்பல் நிற அலைகளில் நம் நாட்டு யானைகள் நிற்பதைப் பார்த்தபோது, எனக்கு வந்தது சிரிப்பா பரிதாபமா என்று சொல்லத் தெரியவில்லை. 1990-ல் மிருக வித்தைகளை நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம்.

நடன மண்டபத்தைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். கோபுரம் திறந்தபோது இங்கே சாதாரணமான கூடம் ஒன்றுதான் இருந்தது. பக்கத்துத் தெருவிலுள்ள விண்ட்டர் கார்டன்ஸ் என்ற போட்டி ஸ்தாபனத்தார், 1896-ல் ‘எம்ப்ரஸ்’ நடன மண்டபத்தைக் கட்டி ஜனங்களை இழுத்துக்கொண்டார்கள். கோபுரக் கம்பெனியார் பொறுப்பார்களா? அதே மாச்சமை அழைத்து, பிரெஞ்சு ராஜாக்களின் மாளிகைகளைத் தோற்கடிக்கும்படி ஒன்று கட்டச் சொன்னார்கள். 1899-ல் இது திறந்தது. இரண்டு அடுக்கு உப்பரிகைகள், பூவும் கொடியுமாகப் பொன் பூசிய சுதை வேலை, மேகங்களுக்கிடையே தேவதைகள் மிதக்கும் விதானச் சித்திரம், பளிங்குச் சரவிளக்குகள், அரங்கின் நெற்றியில் ஷேக்ஸ்பியரின் வீனஸும் அடோனிஸும் காவியத்திலிருந்து ஒரு வரி. தரை 120 அடி நீளம், 102 அடி அகலம்; மஹாகனி, ஓக், வால்நட் என்ற மூன்று ஜாதி மரங்களில் அறுத்த 30,602 கட்டைகளை ஒன்றோடொன்று இழைத்துப் பதித்தது. 1956 டிசம்பரில் தீப்பிடித்து இந்தத் தரையும் கீழேயிருந்த உணவு விடுதியும் எரிந்துபோயின. வேறு ஊராயிருந்தால் இடத்தைச் சமன்படுத்திக் கடை கட்டியிருப்பார்கள். இவர்களோ பழைய படங்களை வைத்துக்கொண்டு, கைவினைஞர்களைத் தேடிப் பிடித்து, இரண்டு வருஷத்துக்குள் இருந்தது இருந்தபடியே மறுபடியும் செய்து முடித்துவிட்டார்கள்.

நான் போனது ஒரு பகற்பொழுது. அரங்கின் நடுவே பூமிக்கடியிலிருந்து ஒருவர், பாலும் பொன்னும் கலந்த நிறமுள்ள வுர்லிட்சர் ஆர்கனோடு, வாசித்துக்கொண்டே மெள்ள மேலெழுந்து வந்தார். இந்த வாத்தியத்தை 1935-ல் தம் விருப்பப்படி அமைக்கச் செய்தவர் ரெஜினால்ட் டிக்ஸன். 1930 முதல் 1970 வரை இங்கே அவர் வாசித்தது ரேடியோ மூலம் தேசம் முழுவதும் ஒலித்ததால், கடலையே பார்த்திராதவர்களுக்குங்கூடப் பிளாக்பூல் என்றால் அவருடைய ஆர்கன்தான். ஓரங்களில் சிறு மேஜைகள். மேஜைகளில் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எழுபது பிராயத்தைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவரும் துணிப்பையிலிருந்து நடனத்துக்கென்றே வைத்திருக்கும் மெல்லிய ஜோடுகளை எடுத்து மாட்டிக்கொண்டு, கைத்தடியை நாற்காலியில் சாத்திவிட்டுத் தரையில் இறங்கியதும், பத்து வயது குறைந்துவிட்டவர்களாக நழுவிச் செல்லத் தொடங்கினார்கள். பல ஜோடிகளில் இருவருமே ஸ்திரீகள். ஸ்திரீயோடன்றி எந்தக் கனவானும் நடனமாடலாகாது, ஒழுங்கீனமாக நடப்பவர் உடனே வெளியேற்றப்படுவார் என்றெல்லாம் அந்தக் காலத்தில் இங்கே விதிகள் எழுதி மாட்டியிருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நடனமே கிடையாது; பக்தி கீதங்கள் மாத்திரம். ஆனால் ஸ்திரீகள் ஸ்திரீகளோடு ஆடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை போலும். ஆலையில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்ற பெண்கள், விடுமுறையிலும் ஒருத்தி கையை மற்றொருத்தி பிடித்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள்.

என் மேஜையில் எதிரே அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, நான் எந்தத் தேசமென்று விசாரித்தார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. தாம் பிளாக்பர்ன் நகரத்தவரென்றும், தம் பாட்டி அங்கே நான்கு தறிகளை ஒரே சமயத்தில் ஓட்டியவரென்றும், அவர் நெய்ததெல்லாம் இந்தியாவுக்கு அனுப்பும் வேஷ்டிகளே என்றும் சொன்னார். “நீளமாக இருக்குமாம். கரை வேறு வர்ணத்தில் போடவேண்டுமாம். அதை ஆண்பிள்ளைகள் எப்படி உடுத்துகிறார்கள் என்று பாட்டிக்குக் கடைசிவரை புரியவேயில்லை. உங்களுக்கு உடுத்தத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன், இடுப்பில் சுற்றிச் செருகுகிற விதத்தை மேஜைத் துணியைக் கொண்டு அபிநயித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு வுர்லிட்சர் ஒரு வால்ட்ஸ் தொடங்கவே, தோழியோடு எழுந்து போய்விட்டார்.

அந்த நடனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மனம் கணக்குப் போடத் தொடங்கிற்று. முதல் மகாயுத்தத்துக்கு முந்தின வருஷமாகிய 1913-ல் இங்கிலாந்து அயல்நாடுகளுக்கு அனுப்பிய பருத்தித் துணி ஏறக்குறைய 700 கோடி கெஜம்; அதில் 300 கோடிக்குக் குறையாமல் இந்தியாவுக்கு வந்தது. எந்தத் துணி வந்து இறங்கியதால் நம் நாட்டுக் கைத்தறிகள் பல மௌனமாயினவோ, எந்தத் துணியைக் குவித்துக் கொளுத்தும்படி காந்தியடிகள் சொன்னாரோ, அந்தத் துணியை நெய்து பெற்ற கூலியில் மிச்சம் பிடித்த ஆறு பென்ஸ்கள் சேர்ந்துதான் இந்த மண்டபம். 30,602 கட்டைகளில் எத்தனை கட்டை நம் வேஷ்டி விற்ற பணத்தில் பதித்தவை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கோபம் வரவேண்டிய இடந்தான். ஆனால் கோபத்தை யார்மேல் வைப்பது? லாபத்தில் பெரும்பங்கு ஆலை முதலாளிக்கும் கப்பற்காரனுக்கும் வர்த்தகனுக்கும் போயிற்று. இயந்திரங்களின் இரைச்சலில் காது மந்தமாகி, உதட்டசைவைப் பார்த்தே பேச்சை அறிந்துகொள்ளப் பழகிய அந்தப் பாட்டிக்குக் கிடைத்தது வருஷத்தில் ஒரு வாரம், அதுவும் சம்பளமில்லாமல்.

1931 செப்டம்பரில், வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தியடிகள், வேலையிழந்து வாடிய நெசவாளிகளை நேரில் காணவேண்டுமென்று பிளாக்பர்னுக்குப் பக்கத்திலுள்ள டார்வென் நகரத்துக்கு வந்தார். தங்கள் பிழைப்பில் மண் போட்டவர் என்று அவர்கள் ஏசியிருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஆனால் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சிரித்து ஆரவாரிக்கும் புகைப்படம் உலகப் பிரசித்தமாயிற்று. டார்வெனிலிருந்து பிளாக்பூல் அதிக தூரமில்லை. இந்த மண்டபத்துக்கு அவர் வந்ததில்லை. வந்திருந்தால் எப்படிக் கழிந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

மின்தூக்கியில் ஏறிக் கோபுரத்தின் உச்சிக்குப் போனேன். காலடியில் கண்ணாடித் தளம். கீழே எறும்புகள் அளவில் ஜனங்கள். அங்கிருந்து பார்த்தபோதுதான் விகடர்களின் பெயர்களைத் தாங்கிய அந்தத் தரை முழுவதையும் ஒருசேரப் பார்க்க முடிந்தது. மேற்கே கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. இங்கே வற்றமும் ஏற்றமும் அதிகம். எஃகுக்குத் தகுந்தபடி வர்ணம் பூசாமல் விட்டதால் முதல் முப்பது வருஷத்தில் கோபுரம் துருப்பிடித்துப்போய், 1921 முதல் 1924 வரை சட்டம் சட்டமாக மாற்றவேண்டி வந்தது. உப்புக்காற்று முகத்தில் அறைந்த வேகத்தைப் பார்த்தால் முப்பது வருஷம் தாங்கியதே பெரிது என்று தோன்றிற்று.

கீழே இறங்கி விண்ட்டர் கார்டன்ஸையும் பார்த்தேன். 1878-ல் தொடங்கியது. கட்டடத்துக்குக் கட்டடம் கூடம் சேர்த்து ஒரு சிறு நகரமாகவே அதை வளர்த்துவிட்டிருக்கிறார்கள். அதன் எம்ப்ரஸ் மண்டபத்தில் 1920 முதல் நடைபெறும் நடன விழாவுக்கு ஜப்பானிலிருந்தும் சீனத்திலிருந்தும் போட்டியாளர்கள் வருகிறார்கள். எம்ப்ரஸைக் கட்டிய அதே 1896-ல் ‘இந்தியக் கூடம்’ என்றும் ஒன்றைச் சுதை வேலையில் அமைத்தார்களாம், பிற்பாடு உருமாற்றிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடற்கரை உல்லாசிகளுக்கு இந்தியா என்பது சிரமபரிகாரம் செய்துகொள்ளத் தகுந்த அலங்காரமாகத் தோன்றியிருக்கிறது. என் வரையில், அந்த மூதாட்டியின் பாட்டி வேஷ்டிக் கரை நெய்யும்போது கண்ட இந்தியா அதைவிடச் சத்தியமானது.

கடற்பாலங்கள் மூன்று. 1863-ல் யூஜீனியஸ் பர்ச் கட்டிய வடக்குப் பாலம் கௌரவமானவர்களுக்கு. 1868-ல் வந்த மத்தியப் பாலம், திறந்த வெளியில் ஆடிப்பாட விரும்பிய சாமான்யர்களுக்கு. 1893-ல் வந்த தெற்குப் பாலம் மூன்றாவது. இன்று அந்த வேற்றுமை மறைந்துவிட்டது. வேறு வேற்றுமைகள் வந்திருக்கின்றன. 1960-களுக்குப் பிறகு ஆலைகள் மூடின. மலிவான விமானங்கள் லங்காஷயர்க்காரர்களை ஸ்பெயின் தேசத்து வெயிலுக்குக் கொண்டுபோயின. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால், பழைய தங்கும் விடுதிகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, போக்கிடமற்றவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளாகியிருப்பதைக் காணலாம். இங்கிலாந்திலேயே மிக வறிய பகுதிகளில் சில இவ்வூரில் இருக்கின்றன. உள்ளே பொன் முலாமும் வெளியே பெயர்ந்த காரையுமாக ஓர் ஊர் எத்தனை நாள் நிற்க முடியும் என்று நான் தங்கியிருந்த விடுதியின் விடுதிக்காரியம்மாளிடம் கேட்கத் துணிந்தபோது, “விளக்கைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

விளக்கு என்றது ‘இல்யூமினேஷன்ஸ்’ என்ற தீபாலங்காரத்தை. 1879-லேயே எட்டு மின்சார விளக்குகளை இந்தக் கடற்கரைச் சாலையில் நட்டு ஜனங்களை வியக்கச் செய்தவர்கள் இவர்கள். 1885-ல் மின்சார டிராம் ஓட்டினார்கள். ரஸ்தாவின் பள்ளத்திலிருந்து மின்சாரம் பெறும் ஏற்பாட்டைக் கடல்நீரும் மணலும் கெடுத்ததால், 1899-ல் தலைக்குமேல் கம்பி கட்டினார்கள். 1912-ல் ஓர் இளவரசியின் வருகைக்காகத் தொங்கவிட்ட பதினாயிரம் விளக்குகளை, அவ்வருஷமே மறுபடியும் ஏற்றியபோது, கோடைக்காலம் முடிந்து வெறிச்சோடவேண்டிய செப்டம்பர் மாதத்தில் கூட்டம் திரண்டுவிட்டது. வியாபாரம் தெரிந்தவர்கள் விடுவார்களா? யுத்த காலங்களையும் சில இடைவெளிகளையும் தவிர்த்து அதை வருஷாந்தர உற்சவமாக்கிவிட்டார்கள். இப்போது ஆறு மைல் நீளம். பார்ப்பதற்குக் கட்டணமில்லை; ஆனால் பார்த்தவர்களுக்குப் பசிக்கும், குளிரும், இரவு தங்க இடமும் வேண்டும்.

கப்பலாகவும் ரயிலாகவும் வேஷமிட்ட டிராம்கள், உடம்பெல்லாம் விளக்குகளோடு என்னைக் கடந்து போயின. மழை தூறியது, ஒருவரும் கலையவில்லை. வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் கட்டிய பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு, குடைக்குள் மூன்று தலைமுறைகளாக நின்றார்கள். உருளைக்கிழங்கில் வினிகர் அதிகமென்று ஒரு தாத்தாவும் போதாதென்று அவர் மனைவியும் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்து விடுதிக்குத் திரும்பியதும், அக்டோபர் மாதம் முழுவதும் ஒரு நாளாவது அறை காலியாக இருக்குமா என்று நான் விசாரித்தேன். விடுதிக்காரியம்மாள் பெரிய கணக்குப் புத்தகத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார்; எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன.